மஞ்சள் கரு போன இடம்

பாப்பா,

நூற்றுப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள பெண்ணை, முப்பது வயதிலும் பாப்பா என்று கூப்பிடுகிறாளே என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். நீ கன்னட மீடியத்தில் படித்தவள். தமிழ் எழுத்தை நான்தான் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டிக் கற்றுக்கொடுத்தேன். ஆகவே இந்தக் கடிதத்தை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய். அது எனக்கு நல்லதுதான். வேகமாகப் படித்துவிட்டுக் கோபப்படுவதைவிட மெதுவாகப் படித்துவிட்டுக் கோபப்படு. இதை வாட்ஸப்பில் பேசியே அனுப்பியிருக்கலாம். ஆனால் வாயைத் திறந்தால் நான் பேச்சை மாற்றிவிடுவேன், சாப்பிட்டாயா, துணி துவைத்தாயா என்று போய்விடுவேன். எழுத உட்கார்ந்தால் தப்பிக்க வழியில்லை என்பதால் எழுதுகிறேன்.

வருகிற திங்கட்கிழமை நீ கோச் வேலைக்குச் சிவமொக்கா போகிறாய். பதினாறு வருஷம் எடை மாட்டிய பாரைத் தூக்கிய கை, இனிமேல் மற்ற பிள்ளைகள் தூக்குவதைப் பார்க்கப் போகிறது. உன் அப்பா மூட்டை கட்டும் சாக்கில் உன் பழைய இடுப்பு பெல்ட்டை எடுத்து எடுத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் நான் அதற்காக இதை எழுதவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை லிங்கராஜபுரத்தில் உனக்குப் பாராட்டு விழா வைத்தார்களே, அங்கே நீ பேசிய பேச்சுக்காக எழுதுகிறேன். சால்வை, மாலை, மைசூர் பேட்டா தலைப்பாகை எல்லாம் போட்டு உன்னை ஒரு கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்தியிருந்தார்கள். நான் முன்வரிசையில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தேன். நீ மைக்கைப் பிடித்து, எதிரே உட்கார்ந்திருந்த பொடிப் பெண்களைப் பார்த்துச் சொன்னாய்: "இருபத்து மூணு வயசுல ஒரு வருஷம் நான் தோத்துப் போனேன். நஞ்சப்பா சார் குடுத்த எல்லாத்தையும் சாப்ட்டேன், ஆனா மனசு வெக்கல. உடம்பு பொய் சொல்லாது. அது முழுக்க என் தப்பு. நீங்க அந்தத் தப்ப பண்ணாதீங்க." எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்தில் உன் அப்பா மட்டும் கையை மடியிலேயே வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து அவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "இன்னும் எத்தினி பேருக்கு அந்தப் பொய்ய அவ பாடமா சொல்லிக் குடுக்கணும்? நீ சொல்றியா, நான் சொல்லட்டா?" என்றார். நான் சொல்கிறேன் என்றேன். அதுதான் இது.

உன்னை நஞ்சப்பா சார் முதன்முதலில் எப்படிப் பார்த்தார் என்று நீ பேட்டிகளில் சொல்லும் கதை சரியானதுதான். ஜீவனஹள்ளியில் நாம் மூன்றாவது மாடியில் இருந்தோம். சிலிண்டர் போடுகிறவன் கீழேயே இறக்கிவிட்டுப் போவான். பதினாலு வயதில் நீ அதைத் தோளில் வைத்து, பள்ளிக்கூடச் சீருடையோடு, வாயில் மாங்காய்த் துண்டை மென்றுகொண்டே மாடி ஏறினாய். எதிர் வீட்டுப் பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மனிதர் கீழே இறங்கி வந்து கதவைத் தட்டினார். பளு தூக்குவதில் பழைய ஆள், இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. "யார மகளு இவளு?" என்று கன்னடத்தில் கேட்டார். பெண் பிள்ளையைச் சிலிண்டர் தூக்க வைத்ததற்குச் சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் பயந்துபோனேன். அவர் உன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, தோளைப் பார்த்து, "அம்மா, இத நம்ம கைல குடுங்க" என்றார். உன் அப்பா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. வயரிங் வேலை செய்கிற மனிதருக்கு அன்றைக்கு எங்கிருந்து அவ்வளவு பெரிய கனவு வந்ததோ. எனக்கு வரவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் என்ன வேலை செய்தேன் என்று உனக்குத் தெரியும், ஆனால் அந்த வேலை என் கண்ணை என்ன செய்தது என்று தெரியாது. பானஸ்வாடிப் பக்கம் கார்மென்ட்ஸில் இருபது வருஷம் செக்கிங் மேஜை. சட்டையை விரித்து, டேப் வைத்து, தோள் இவ்வளவு, மார்பு இவ்வளவு, இடுப்பு இவ்வளவு என்று அளவு அட்டையோடு ஒத்துப் பார்க்க வேண்டும். அரை இன்ச் கூடினால் சிவப்பு ஸ்டிக்கர், ரிஜெக்ட். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் பார்ப்போம். அந்த அட்டையில் கடைசி அளவு டபுள் எக்ஸ்எல். உன் அளவு அதில் கிடையாது. அட்டையில் இல்லாத உடம்பைப் பார்த்தால் என் கை தன்னாலே சிவப்பு ஸ்டிக்கரைத் தேடும். பெற்ற பெண்ணைப் பார்க்கும்போதும் தேடியது. இதைவிட நாகரிகமாக இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

உனக்கு இருபத்து மூன்று நடக்கும்போது கோலார் தங்கவயலிலிருந்து பெண் பார்க்க வந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? நல்ல குடும்பம், பையனுக்குக் கம்பெனி வேலை. நீ காபி கொடுத்துவிட்டு உள்ளே போனதும் பையனின் அம்மா என் காதருகே வந்து, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்குது. ஆனா எம்புள்ளையத் தூக்கி இடுப்புல வெச்சிக்கும் போலருக்குதே" என்றாள். கூட வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பாப்பா. அப்படி ஒன்றும் நல்ல ஜோக் இல்லை. ஆனாலும் சிரித்தேன். கதவுக்குப் பின்னால் நீ நின்றிருந்தாயா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. கேட்கப் பயம்.

அதே மாதம்தான் நஞ்சப்பா சார் உன்னைக் கனமான பிரிவுக்கு மாற்ற முடிவு செய்தார். எண்பத்தேழு கிலோவுக்கு மேலே போனால் அதற்கப்புறம் உச்ச வரம்பு இல்லை, எவ்வளவு எடை இருந்தாலும் ஒரே பிரிவு. நீ அப்போது தொண்ணூற்றிரண்டு, போட்டிக்கு மட்டும் எண்பத்தேழுக்கு இறக்கிக்கொண்டிருந்தாய். சார் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து சொன்னார்: "இவ எலும்பு பெருசு அம்மா. இன்னும் பன்னெண்டு கிலோ ஏத்துனா இந்தியாவே இவள பாக்கும். கொறைக்கிற பிரிவுல இவள நிறுத்துனா பட்டினி போட்ட மாதிரி ஆயிடும்." தினமும் எட்டு முட்டை, ஒன்றரை லிட்டர் பால், கோழி, நெய், அவரே வாங்கிக் கொடுத்த டப்பா புரோட்டீன் பவுடர். எல்லாவற்றையும் தாளில் எழுதி என் கையில் கொடுத்தார். சமைக்கிறவள் நான் என்பதால் என்னிடம் கொடுத்தார். பூனையின் கையில் பால் சட்டி.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உன்னிடம், "சார் போன் பண்ணாரு, மஞ்சள் கரு கொழுப்பாம், வெள்ளை மட்டும் சாப்டணுமாம்" என்றேன். சார் அப்படிச் சொல்லவே இல்லை. நான் சொன்னதை நீ ஒருநாளும் யாரிடமும் சரிபார்த்தவள் இல்லை. பாலில் பாதி தண்ணீர். பவுடர் டப்பாவில் பாதியை எடுத்துவிட்டு, பொட்டுக்கடலையை மாவாக அரைத்துக் கலந்தேன். நிறமும் ஏறக்குறைய ஒன்றுதான், ஏலக்காய் தட்டிப் போட்டால் ருசியும் தெரியாது. நெய் என்று சொல்லிச் சோற்றில் ஊற்றியது பெரும்பாலும் வாசனைதான். புதுச் சுடிதார் தைக்கிறேன் என்று மாதம் ஒருமுறை உனக்கு அளவு எடுத்தேனே, எத்தனை சுடிதார் தைத்தேன் என்று எண்ணிப் பார். ஒன்றுகூடத் தைக்கவில்லை.

மிச்சமான மஞ்சள் கருவைக் கொட்ட மனம் வரவில்லை, உணவுப் பொருள் ஆயிற்றே. வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுப் பொரித்து உன் அப்பாவுக்கு வைத்தேன். பவுடரையும் அவருடைய தோசை மாவில்தான் கலந்தேன். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்துக்கு அப்புறம் பெண்டாட்டிக்குத் தன் மேல் திடீரென்று பாசம் பொங்குகிறது என்று மனிதர் சந்தோஷமாகச் சாப்பிட்டார். அந்த வருஷம் அவரால் பேண்ட் பட்டன் போட முடியவில்லை என்று நீ கேலி செய்துகொண்டே இருந்தாய். காரணம் இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது.

எட்டு மாதத்தில் நீ ஒன்பது கிலோ இறங்கினாய். இடுப்பில் இரண்டரை இன்ச் குறைந்த அன்று நான் மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தேன். தேங்காய் மூடியோடு வீட்டுக்கு வருகிறேன், நீ படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறாய், உள்ளங்கை தோல் கிழிந்து ரத்தம். "ம்மா, நேத்து தூக்குனத இன்னிக்கு தூக்க முடியலம்மா. நான் ஒண்ணும் ஏமாத்தலம்மா. எனக்கு இன்னா ஆச்சுன்னே தெரியல" என்று அழுதாய். நான் உன் கைக்கு மஞ்சள் வைத்துக் கட்டினேன். பிறகு உள்ளே போய் உனக்குப் பால் காய்ச்சினேன். அன்றைக்கும் தண்ணீர் கலந்துதான் காய்ச்சினேன்.

இதுவரை சொன்னதைக்கூட நீ ஒருவேளை அம்மாவின் முட்டாள்தனம் என்று மன்னித்துவிடலாம். அடுத்ததுதான் பெரியது. உன் எடை இறங்குவதைப் பார்த்து நஞ்சப்பா சார் குழம்பிப்போய் நம் வீட்டுக்கு வந்தார். நீ பயிற்சிக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்தார். "அம்மா, நீங்க நிஜம் சொல்லுங்க. சாப்பாடு சரியா போகுதா? இவ வெளில கொட்டிடறாளா?" என்று கேட்டார். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெச்சத எல்லாம் சாப்ட்டுதான் போகுது சார். நான் இன்னா பண்ணட்டும்? மனசுதான் பிராக்டிஸ்ல இல்ல போலருக்குது. எப்பப் பாரு போனு" என்றேன். அவர் என்னை நம்பினார். பெற்றவள் தன் பெண்ணைப் பற்றிப் பொய் சொல்லுவாளா? மறுநாள் எல்லோர் முன்னாலும் உன்னை நிறுத்தி, உடம்பில் குறையில்லை, மனசு வைக்கவில்லை, உன் அம்மாவே சொல்லிவிட்டார் என்று திட்டினார். நீ அன்று என்னிடம் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அம்மாவே சொன்னால் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டாய். ஞாயிற்றுக்கிழமை மேடையில் நீ சொன்னது உன் வார்த்தை இல்லை, பாப்பா. அன்று நான் சொன்ன வார்த்தை.

மாநில அணித் தேர்வுக்கு நானும் வந்திருந்தேன். ஒரே இழுப்பில் தலைக்கு மேல் கொண்டுபோகிற ஸ்னாட்ச்சில் மூன்று வாய்ப்பு. மூன்று முறையும் பார் உன் பின்னால் விழுந்தது. மூன்றும் போனால் மொத்தக் கணக்கும் பூஜ்யம், அடுத்த பகுதிக்கே விடமாட்டார்கள் என்று பக்கத்திலிருந்த பெண் எனக்கு விளக்கினாள். நீ மேடையில் முட்டி போட்டு, பாரைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்கினாய். எனக்கு அழுகை வரவில்லை. அப்பாடா, இதோடு விட்டுவிடுவாள் என்றுதான் தோன்றியது.

நீ விடவில்லை. நான் பிடிபட்டதுதான் நடந்தது. உன் அப்பாவுக்கு நெஞ்சு பாரமாக இருக்கிறது என்று கிளினிக்குக்குப் போனோம். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், "தினமும் என்னதான் சாப்பிடுறீங்க?" என்று அதட்டினார். இவர் பெருமையாக, முட்டைப் பொரியல் என்றார். எத்தனை முட்டை? அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலை நான் முட்டையைப் பிளந்து மஞ்சளையும் வெள்ளையையும் பிரிப்பதைப் பார்த்தார். பாலில் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். டப்பாவைத் திறந்து முகர்ந்தார். வயரிங்கில் எங்கே கோளாறு என்று தேடுகிற மனிதர், கண்டுபிடித்துவிட்டார். கத்தவில்லை. பதினொரு நாள் என்னோடு பேசவில்லை. மறுநாளிலிருந்து உனக்கு அவர்தான் முட்டை அவித்தார், அவர்தான் பால் காய்ச்சினார். அப்பாவுக்குத் திடீரென்று சமையல் ஆசை வந்துவிட்டது என்று நீ நினைத்தாய். உடம்பு ஏறியது, பார் ஏறியது, அடுத்த வருஷம் நீ தேசிய சாம்பியன்.

அதற்கப்புறம் உன்னிடம் சொல்லு சொல்லு என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். சொல்லாமல் தள்ளிப்போட எனக்கு எப்போதும் ஒரு நல்ல நாள் கிடைத்தது. இன்று மெடல் வாங்கியிருக்கிறாள், இன்று போய் எப்படி? நாளை வெளிநாடு போகிறாள், போகிற நேரத்தில் எப்படி? நீ ஜெயித்துக்கொண்டே போனாய், நான் ஒளிந்துகொண்டே போனேன். வெளிநாட்டு மேடையில் நீ நூற்று முப்பது கிலோவை நெஞ்சில் நிறுத்தி, ஒரு மூச்சு வாங்கி, தலைக்கு மேல் தள்ளியபோது, எங்கள் செக்கிங் லைனே என் போனைச் சுற்றி நின்றது. நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்கும் எரிந்ததும் சூப்பர்வைசர் முதல் கூட்டுகிற அம்மா வரை கூவினார்கள். அன்று மத்தியானம் நான் ஒரு சட்டையைக்கூட ரிஜெக்ட் செய்யவில்லை, கோணல் காலர் எல்லாம் பாஸ். இப்போது என்னைப் பார், யாராவது உன் உடம்பைப் பற்றி வாயைத் திறக்கட்டும். போன மாதம் பெண்களுக்கு ஃப்ரீயான பஸ்ஸில் அந்த கண்டக்டர், "ஃப்ரீ டிக்கெட் ஒண்ணுதான் மேடம், ரெண்டு சீட் பிடிக்குதே" என்றான். நான் விட்டேனா? "ஒரு சீட்டு எம்பொண்ணுக்கு, இன்னொன்னு அவ மெடலுக்கு. ரெண்டும் கவர்மென்ட்டுக்குப் பெருமைதான், கிழி" என்றேன். நீ வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். பெருமை எனக்கு வாய்கொள்ளாமல் இருக்கிறது, மறைக்கத் தெரியவில்லை. ஆனால் ஒரு திருடி தான் திருடிய வீட்டைப் பற்றிப் பெருமை பேசுவதுபோல் உள்ளுக்குள் குத்திக்கொண்டே இருக்கும்.

நேற்று நஞ்சப்பா சாரைப் போய்ப் பார்த்தேன். உனக்கு எழுதுவதற்கு முன்னால் அவரிடம் சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாது என்று போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பீரோவைத் திறந்து அந்த வருஷத்து நோட்டை எடுத்தார். ஒவ்வொரு நாளும் உன் எடை, நீ தூக்கிய எடை எல்லாம் எழுதியிருக்கிறார். விரலை வைத்து ஒரு வரி ஒரு வரியாகப் படித்தார். உன் உடம்பில் ஒன்பது கிலோ போயிருக்கிறது. பாரில் போனது நாலே கிலோ. "அம்மா, பட்டினில இத யாரும் தூக்க மாட்டாங்க" என்றார். நோட்டை மூடிவிட்டு, "செலக்ஷன்ல இவ மொதல் வெயிட்ட கொறைங்க சார்னு கேட்டா. திமிருன்னு நினைச்சு நான் கொறைக்கல. என் சர்வீஸ்ல இவ்ளோ மனசு வெச்ச பிள்ளைய நான் பாத்ததில்ல. அவளைப் போய் மனசு இல்லன்னு சொன்னேன்" என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். உனக்கு உடனே போன் செய்கிறேன் என்றார். முதலில் என் கடிதம் போகட்டும் சார் என்று தடுத்துவிட்டு வந்தேன்.

அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் அம்மா என்கிற பதவி சும்மா இருக்க விடாது. அங்கே வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிற வீடாகப் பார், உன் முழங்கால் உட்கார்ந்து எழுந்தது போதும். கட்டில் மரமாக இருக்கட்டும். கல்யாணத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை எழுதவில்லை, அதற்கே எனக்கு ஒரு வெண்கலமாவது தரலாம். உன்னிடம் வரப்போகிற பிள்ளைகள் வீட்டிலிருந்து வந்துபோகிறவர்கள் என்றாய். அவர்களில் ஒருத்திக்கு எடை ஏறாமல் நின்றால், எடுத்ததும் அவள் மனசைப் பிடித்து உலுக்காதே. அவள் அம்மா நல்லவளாகத்தான் இருப்பாள், என்னைப்போல. அதனால்தான் சொல்கிறேன், சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் சாப்பாட்டு நேரத்துக்கு அவள் வீட்டுக்குப் போ.

இதைப் படித்ததும் பரவாயில்லைம்மா என்று சொல்ல அவசரப்படாதே. நீ அப்படிச் சொல்லிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். கோபம் வந்தால் ஒரு மாதம் பேசாமல் இரு, உன் அப்பா பதினொரு நாள் இருந்தார், நீ அவரைவிடப் பலசாலி. ஆனால் ஒன்று மட்டும் எனக்காக இல்லை, உனக்காகச் செய். எட்டு மாதம் அரைவயிற்றோடு அந்த பாரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த இருபத்து மூன்று வயதுப் பெண்ணை இனி எந்த ஊர் மேடையிலும் குற்றவாளியாக நிறுத்தாதே. அடுத்த முறை யாராவது உன் கையில் மைக்கைக் கொடுத்து அந்த வருஷத்தைப் பற்றிக் கேட்டால், என் தப்பு என்று சொல்லாதே. என் அம்மா தப்பு என்று சொல்லு. நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா